சுத்தி ஒரு நூல்

கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர மனிதகுலம் எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. அதற்கு ஊர்க்காரர்களின் ஹவாய் செருப்பை வெட்டலாம் என்ற வழியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். யாரும் எனக்கு மாலை போடவில்லை. செருப்பு மாலை போடலாமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. ஆனால் அதற்கும் ஊரில் செருப்பு மிச்சமில்லை.

ஆண்டு 1991. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை அந்த ஆண்டோடு சேர்த்துச் சொன்னால் நாடு முழுக்க ஒரு துக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஜூன் பிறந்து, பள்ளிக்கூடம் திறந்து, ஜனங்களுக்கு மெதுவாகச் சிரிப்பு திரும்பிய நாட்களில் நடந்தது இது. அந்தச் சிரிப்பில் கணிசமான பகுதிக்கு நான் பொறுப்பு.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர், ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வல்லம் போகும் பக்கம். வேலை, ஹைவேஸ் ஓரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில். லேத் ஓட்டுகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் லேத் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் நின்று, மெஷினை காட்டன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். காட்டன் வேஸ்ட் என்றால் மில்லில் கழித்துப்போடும் நூல் சிக்கல். கிலோ கணக்கில் மூட்டையாக வரும். எண்ணெய்க் கையைத் துடைக்க அதுபோல இன்னொன்று கிடையாது. பேன்ட்டின் பின் பாக்கெட்டில் ஒரு கொத்து எப்போதும் தொங்கும். பின்னாலிருந்து பார்த்தால் வால் முளைத்த மாதிரி இருக்கும். பொருத்தமாக இருக்கிறது என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்ட நான் எப்படி ஊர்ப் பிள்ளைகளின் அறிவியல் மன்றத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனேன்? காஞ்சிபுரத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. கிராமத்துப் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கருவிகள் செய்ய வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு. நான் போனது பாயசத்துக்கு. சாப்பிட்டுவிட்டு உடனே எழுந்து வரக் கூச்சமாக இருந்ததால் சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். கடைசியில், "உங்க ஊருக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். ஒரு டம்ளர் பாயசத்துக்கு ஒரு மன்றம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கிணற்றடியில் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். முதலில் பெரிஸ்கோப் செய்தோம். அதை வைத்துப் பிள்ளைகள் மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டு மாமரத்தில் காய் பழுத்திருக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய, தோப்புக்காரர் வந்து அறிவியலைப் பறிமுதல் செய்தார். அடுத்து சூரிய அடுப்பு. அட்டைப்பெட்டிக்குள் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஒட்டி, நடுவில் ஒரு முட்டையை வைத்தோம். காலையில் வைத்தது மதியம் வரை வேகவில்லை.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஆயாம்மா அந்தப் பக்கம் வந்தது. கிணற்றிலிருந்து அண்டா அண்டாவாகத் தண்ணீர் சேந்துவது அதுதான். உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருக்கும். பெட்டிக்குள் குனிந்து பார்த்தது.

"இன்னாபா, அவிக்கிறீங்களா அடை வச்சிகினு கீறீங்களா? இன்னும் ரெண்டு நாளு வுட்டா குஞ்சு பொரிச்சிடும் போல கீதே."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் விஞ்ஞானியின் கம்பீரத்தோடு, "பொறுமை வேணும் ஆயாம்மா" என்றேன்.

"எனுக்குப் பொறுமை கீது, கைதான் இல்ல. அம்மாம் அறிவாளிங்களா இருந்தா இந்தக் கெணத்துத் தண்ணிய மேல கொண்டாங்கடா பாக்கலாம். சும்மா முட்டையப் போட்டு வெயில்ல வாட்டிகினு."

அந்த இடத்தில்தான் சைக்கிள் கடைக்காரரின் மகள் தலையை நிமிர்த்தினாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சீட்டும் கிடைத்துவிட்டது. அவளுக்கு அது போதும். அவள் அப்பாவுக்குத்தான் போதவில்லை. கூட்ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அவர், நாள் முழுக்க கிரீஸில் முங்கி எழுபவர். "நான் பூசிகினது போதாதா, நீ வேற பூசிக்கணுமா? டைப்ரைட்டிங் கத்துக்கோ. நகத்துல அழுக்குப் படாத வேலை" என்பது அவர் வாதம். படிக்க வேண்டாம் என்று சொல்கிற மனிதர் இல்லை. மகளின் நகத்தைப் பற்றி மட்டும் அவருக்கு அப்படி ஒரு கவலை. நகம் அவளுடையது, அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. கடையில் ஃப்ரீவீலைப் பிரித்து, உள்ளே இருக்கும் குண்டுகளைச் சட்டையில் துடைத்து வரிசையாக வைத்து விளையாடித்தான் வளர்ந்தாள்.

அவளிடம் ஒரு குணம். அளவு சொன்னால் சொன்ன அளவில் செய்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். இது எவ்வளவு ஆபத்தான குணம் என்று எனக்கு அப்போது தெரியாது.

"ணா, காஞ்சிபுரத்துல ஒரு கயிறு பம்பு காட்டினாங்கன்னியே, அதைச் செய்யலாமா?" என்று கேட்டாள்.

கயிறு பம்பு என்பது லேசான சங்கதி. கிணற்றுக்குள் ஒரு பைப் இறங்கியிருக்கும். முடிவில்லாத மாலைபோல ஒரு நைலான் கயிறு, வெளியே இறங்கித் தண்ணீருக்குள் போய், பைப்பின் அடிவாயில் நுழைந்து உள்வழியாக மேலே வரும். கயிற்றில் முழத்துக்கு ஒன்றாக வட்ட வட்ட வாஷர்கள். மேலே ஒரு சைக்கிள் சக்கரம். பெடலை மிதித்தால் கயிறு சுற்றும். கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் "முன்னாடி போ, முன்னாடி போ" என்று ஆட்களை நெட்டித் தள்ளுவதுபோல ஒவ்வொரு வாஷரும் தனக்கு மேலே இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். கால் இருந்தால் போதும்.

சைக்கிளை அவள் அப்பாவே கொடுத்தார். ஹேண்டிலை எப்படிப் பிடித்தாலும் இடது பக்கமே போகும் ஒரு வண்டி. வாடகைக்கு எடுத்தவர்களெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். "ஒரே எடத்துல நிக்கிற வேலைன்னா இதுக்கு சரியா வரும்" என்று தள்ளிவிட்டார். மகள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக எதையோ செய்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தது அது.

வாஷருக்குத்தான் ரப்பர் வேண்டும். பழைய ஹவாய் செருப்பு கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "பழைய" என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோணி நிறைய செருப்பு வந்தது. சிலவற்றில் வார் புத்தம்புதிதாக இருந்தது. ஒன்று சூடாகவே இருந்தது. அந்த வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் வெறுங்காலோடு திரும்பினார்கள். பக்தி பெருகிவிட்டது என்று பூசாரி சந்தோஷப்பட்டதாகச் சொன்னார்கள்.

பைப் ஒரு இன்ச். வாஷர் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு சின்னதாக? இங்கேதான் நான் என் ஒர்க்‌ஷாப் புலமையைக் காட்டினேன். எங்கள் பட்டறைகளில் மில்லிமீட்டர் பேசினால் சூப்பர்வைசர் என்று நினைத்துவிடுவார்கள். தொழிலாளி பேசுகிற கணக்கு நூல்தான். ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆசாரியும் கொத்தனாரும் லேத்துக்காரரும் பேசும் அளவு. ஒரு இன்ச் பைப் என்றால் எட்டு நூல். வாஷர் ஏழு நூல் இருந்தால் போதும் என்பது என் மனக்கணக்கு.

மனக்கணக்கை மனதோடு வைத்துக்கொள்ளாமல் வாயால் சொன்னதுதான் பிரச்சினை.

பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியில் அவளும் பிள்ளைகளும் உட்கார்ந்து செருப்பின் மேல் காம்பஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில், கிணற்றின் மேல் சவுக்குக் கழி கட்டி சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த நான், அங்கிருந்தே கத்தினேன்:

"நூல் விடணும்! மறந்துடாத! சுத்தி ஒரு நூல் விடணும்!"

"சரிணா!"

அடுத்த ஞாயிறும் கத்தினேன். "நூல் விட்டியா?"

"விட்டுகினே கீறேன் ணா!"

பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே டீக்கடை. டீ மாஸ்டர் டீயை ஆற்றும் உயரத்துக்கு ஊர்ச் செய்தியையும் ஆற்றிக் கொடுப்பவர். அவருக்கு ஆசாரி வேலையும் தெரியாது, லேத்தும் தெரியாது. ஒரு வாலிபன் ஒரு பெண்ணிடம் நூல் விடுவது என்றால் என்ன என்று மட்டும் தெரியும். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் வாயிலிருந்து வந்தபோது மட்டும் ஏனோ தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். கூட்ரோட்டில் சைக்கிள் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் டயர் கழற்றும் இரும்பு.

அதுவரை அவரை நான் "மாமா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் அந்த வயசுக்காரர்கள் எல்லோரும் எனக்கு மாமாதான். வழக்கம்போல, "இன்னா மாமா, இங்க நிக்கிறீங்க?" என்றேன்.

"யாருடா மாமா?"

அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு உடனே புரியவில்லை.

"யாருடா உனுக்கு மாமா? எத்தினி நாளா இந்த மாமா? ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை எம் பொண்ணாண்ட நூல் விட்டுகினு கீறியாமே? அதுவும் கூவிக் கூவி! நூல் விடறவன் குசுகுசுன்னு விடுவான், நீ மைக் செட்டு வச்சி விடறியா?"

"ஐயோ, மாமா... இல்ல, சார்... அண்ணா..." ஒரே மூச்சில் மூன்று உறவு மாறினேன். "அது அந்த நூல் இல்லண்ணா!"

"பின்ன எந்த நூலு? பூணூலா?"

அதற்குள் டீ மாஸ்டரும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். மாஸ்டர் ஒரு சாட்சிக்குரிய அடக்கத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு வாரமா நானே காது குளிரக் கேட்டேன்பா. அந்தப் பொண்ணும் விட்டுகினே கீறேன்னுச்சு."

சத்தம் கேட்டுக் கடைக்குள்ளிருந்து அவளே வந்தாள். கையில் அரைகுறையாக வெட்டிய ஒரு செருப்பு. நேராக அப்பாவின் முன்னால் நின்று, ஒரு வாஷரையும் பைப் துண்டையும் நீட்டினாள்.

"நைனா, நல்லா பாரு. இது பைப்பு. இது வாஷரு. நடுவுல கேப்பு கீதுல்ல? அதான் நூலு. வாஷருக்கு நூல் விடச் சொன்னாரு. எனுக்கு இல்ல."

அவர் வாஷரை வாங்கிப் பைப்புக்குள் போட்டுப் பார்த்தார். தொழில்காரர். அவருக்கு அந்த நூல் தெரியும். முகத்தில் கோபம் வடிய இடமில்லாமல் சற்று நேரம் நின்றது. பிறகு டீ மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "வாஷருக்காம்யா."

"வாஷருக்கா?" என்றார் மாஸ்டர், ஏமாற்றத்தோடு. ஒரு நல்ல செய்தி கெட்டுப்போனால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. ஊர் கூடியிருக்கும் நேரம் பார்த்து, "நைனா, இது மாதிரி பாலிடெக்னிக்ல எல்லாமே செய்யலாம்" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முதல்முறையாக.

அவர் டயர் இரும்பால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"சரி. வர்ற ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் அந்தக் கெணத்துத் தண்ணிய மேல ஏத்திக் காட்டு. ஏறுச்சுன்னா நீ பாலிடெக்னிக் போ, நான் குறுக்க நிக்கல. ஏறலன்னா திங்கக்கெழமையே டைப்ரைட்டிங். பெரும்புதூர் மாஸ்டராண்ட சொல்லிட்டேன், நம்மாண்டேர்ந்து ஒரு ஆள் வரும்னு. அவரு ஆறு மணிக்கு ஒரு மிஷின ஒதுக்கி வச்சிகினு கீறாரு. நான் சொல்லு மாற மாட்டேன்."

"ஏறும் நைனா" என்றாள் அவள். என்னைப் பார்த்தாள். நானும், "ஏறும்" என்றேன். எனக்கென்ன, சொல்வதற்கு.

பரீட்சை செய்து பார்க்காமல் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. அதில் ஒரு துண்டு பைப்பை நிறுத்தி, கயிற்றைக் கையாலேயே இழுத்துப் பார்த்தோம். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் சட்டையெல்லாம் நனைந்து, ஒரு பெரிய அணைக்கட்டைத் திறந்துவைத்த மந்திரியைப்போல நின்றேன். தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் பதினைந்து அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் நினைக்கவில்லை. அவள் மட்டும், "கெணத்துலயும் ஒரு தடவ பாத்துடலாமா ணா?" என்றாள். "அதெல்லாம் தானா வரும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் கூழ் ஊற்றினால்கூட அவ்வளவு கூட்டம் வராது. செருப்பைத் தேடி வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. ஆயாம்மா காலி அண்டாவைப் பைப்பின் வாய்க்கு நேராக வைத்துவிட்டுத் தள்ளி நின்றது. சைக்கிள் கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை வெள்ளைச் சட்டையில் நான் பார்த்ததே இல்லை; யாரோ சம்பந்தி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். கயிறு சுற்றியது. செருப்பு வட்டங்கள் நீலமும் வெள்ளையுமாக வரிசையாகக் கிணற்றுக்குள் இறங்கின. வரிசையாக மேலே வந்தன. பைப்புக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள். நான் வேகத்தைக் கூட்டினேன். களக் களக் களக். பைப்பின் வாயில் ஒரு சொட்டு தெரிந்தது. ஒரே ஒரு சொட்டு. அதுவும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"தம்பி, செங்கல்பட்டு தாண்டிட்டியா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"இந்த மிதிக்கு மெட்ராஸ் போயி ஒரு சினிமா பாத்துட்டு வந்திருக்கலாம்."

"செம்பரம்பாக்கத்துத் தண்ணியே மெட்ராஸ் போய்ச் சேந்துடுச்சு. இவன் தண்ணி இன்னும் வரல பாரு."

டீ மாஸ்டர் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து நீட்டினார். "குடிப்பா. உனுக்குள்ளயாவது ஏதாவது எறங்கட்டும்."

எனக்கு மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம் இல்லை என்பதுதான் என்னை மிகவும் கலக்கியது. டைப்ரைட்டிங் அவள் தலையில் வந்து விழப்போகிறது. அதை நான் பெடல் மிதித்துக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன்.

அவள் பைப்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல, முதலில் மேலே, பிறகு குனிந்து கிணற்றுச் சுவருக்குக் கீழே.

"நிறுத்தாத ணா. மிதி... தண்ணி ஏறுது. ஏறி ஏறி ஓரமா வழிஞ்சிடுது."

"எப்படி வழியும்? ஒரு நூல்தான கேப்பு?"

"ஆமா. நீ சொன்ன மாதிரிதான் வெட்டினேன். சுத்தி ஒரு நூல்."

"சுத்தின்னா?"

"சுத்தின்னா சுத்திதான். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல்."

பெடலில் என் கால் நின்றுவிட்டது. நான் நினைத்தது மொத்தமாக ஒரு நூல். சொன்னது சுற்றிலும் ஒரு நூல். ஏழு நூல் இருக்கவேண்டிய வாஷர் ஆறு நூல் இருந்தது. ஒவ்வொன்றும் ஆறு நூல். ஒன்றில்கூட மயிரிழை வித்தியாசமில்லை. பையன்களில் எவனிடமாவது கொடுத்திருந்தால் நாலு கோணலும் நாலு பெரிசுமாக வெட்டி, தற்செயலாகவாவது தண்ணீர் வந்திருக்கும். என் தப்பை அவள் அவ்வளவு சுத்தமாக வெட்டிவைத்திருந்தாள்.

"மறுபடியும் நூலா?" என்றார் டீ மாஸ்டர், கண் பளபளக்க.

புதிதாக வெட்ட நேரமில்லை. ஊரில் செருப்பும் இல்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் உஷாராக வெறுங்காலோடு வந்திருந்தார்கள். நான் சீட்டிலிருந்து இறங்கி, வழக்கம்போல எண்ணெய்க் கையைத் துடைக்கப் பின் பாக்கெட்டுக்குப் போனேன். அங்கே ஒன்றுமில்லை. என் வால் அவள் கையில் இருந்தது.

ஊர் முன்னால், அப்பா முன்னால், என் பேன்ட் பாக்கெட்டிலிருந்து காட்டன் வேஸ்ட்டை உருவியிருந்தாள். கூட்டத்தில் ஒரு சின்ன சலசலப்பு. அவள் கவனிக்கவே இல்லை. சிக்கலிலிருந்து ஓர் இழையை நீளமாக இழுத்தாள். முதல் வாஷருக்கு அடியில், கயிற்றின் மேல் சுற்ற ஆரம்பித்தாள். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல இறுக்கி, இறுக்கி, ஓர் உண்டையாக. பைப் துண்டை அதன் மேல் வைத்து அளவு பார்த்தாள். இன்னும் இரண்டு சுற்று. முடிச்சு.

"இன்னா செய்யறே?" என்றார் அப்பா.

"அப்ப வாயால விட்டது, நைனா. இப்பதான் நெசமாவே நூல் விடறேன்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் வந்து கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "லூசா சுத்தாத. இறுக்கு." பிள்ளைகள் ஓடி வந்து ஆளுக்கொரு வாஷரில் உட்கார்ந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடி, என் லாக்கரில்... அதாவது வீட்டுக் கூரையில் செருகிவைத்திருந்த இன்னும் இரண்டு கொத்து வேஸ்ட்டைக் கொண்டுவந்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அது என் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

எல்லா வாஷருக்கும் நூல் சுற்றி முடித்து, மறுபடியும் ஏறி மிதித்தேன். பைப்புக்குள் இந்தத் தடவை களக் களக் இல்லை. ஒரு பெருமூச்சு போல வந்தது. பெடல் கனத்தது. கனத்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். இன்னொரு மிதி. பைப்பின் வாய் ஒரு தடவை விக்கி, இருமி, பிறகு கொட்டியது. அண்டாவின் அடியில் தண்ணீர் விழுந்த சத்தம் இருக்கிறதே, வெண்கல மணிகூட அப்படி ஒலிக்காது.

பிள்ளைகள் குதித்தார்கள். ஆயாம்மா கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது, ஏதோ அது வேறு கிணற்றுத் தண்ணீர் என்பதுபோல.

நான் இரண்டு கையையும் விட்டுக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பெடல் நின்றது. நனைந்த நூல் ஊதிக்கொண்டு பைப்பை இறுக்கிப் பிடித்துவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன். அசையவில்லை. அப்போது என் எடை சொல்லிக்கொள்ளும்படியானதல்ல. ஒர்க்‌ஷாப்பில் ஃபேன் போட்டால் நகர்ந்து நிற்பேன்.

"எறங்குடா" என்று ஒரு குரல்.

வெள்ளைச் சட்டை முழங்கைக்கு மேல் மடிந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு மிதி. கயிறு கிறீச்சென்றது. இரண்டாவது மிதியில் தண்ணீர் எகிறிக்கொண்டு வந்து அண்டாவுக்கு வெளியே போய், டீ மாஸ்டரின் வேட்டியை நனைத்தது. அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. செயினிலிருந்து கிரீஸ் தெறித்து வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது. அண்டா நிறைந்தும் மிதித்தார். "போதும்பா, ரொம்பி வழியுது" என்று ஆயாம்மா கத்திய பிறகுதான் இறங்கினார்.

ஆயாம்மா அண்டாவிலிருந்து இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பார்த்தது. "இன்னாபா இது, தண்ணில நூல் வருது?"

"வடிகட்டிக்கலாம் ஆயாம்மா" என்றேன். அடுத்த சில மாதங்கள் பிள்ளைகள் சாம்பாரில் நூல் எடுத்தார்கள். பூஜை விடுமுறைக்கு வந்தபோது அவள் ஏழு நூல் வாஷர்களை வெட்டி மாட்டிய பிறகுதான் அது நின்றது. ஆம், பூஜை விடுமுறைக்கு. பாலிடெக்னிக்கிலிருந்து.

அன்றைக்கு சைக்கிள் கடைக்காரர் மகள் பக்கத்தில் போய் நின்றார். அவள் விரல்களைப் பார்த்தார். பத்து நகமும் கறுப்பு. தன் விரல்களைப் பார்த்தார். அதேதான்.

"பாலிடெக்னிக்ல தேங்காநாரு சோப்பு எல்லாம் குடுப்பாங்களா?"

"வாங்கிக்கலாம் நைனா."

"ஊம்" என்றார். அவ்வளவுதான். அவள் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, கயிற்றைச் சரிபார்ப்பதுபோல வெகுநேரம் குனிந்து நின்றாள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"டேய். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ சும்மாதான கீற?"

"சும்மாதான்... அண்ணா."

"பெரும்புதூர் மாஸ்டராண்ட ஒரு ஆள் வரும்னு சொல்லிட்டேன். மிஷின் காத்துகினு கீது. எம் பொண்ணு போவாது. சொன்ன சொல்லு மாறக் கூடாது. நாளைக்கு நீ போ."

"நானா? டைப்ரைட்டிங்கா?"

"வாயால சொல்லித்தான தப்பு வருது உனுக்கு? அடிச்சுக் குடு."

டீ மாஸ்டர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்த சிரிப்பு ஒரகடம் வரை கேட்டிருக்கும்.

மறுநாள் ஆறு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் அந்த இன்ஸ்டிடியூட் மாடிப்படி ஏறினேன். வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றின் முன்னாலும் பெண்கள். ஓரத்தில் ஒன்று காலி. மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின் பாக்கெட்டிலிருந்து தொங்கியதையும் பார்த்தார்.

"சைக்கிள் கடைக்காரரு பொண்ணு வருதுன்னுல்ல நெனச்சேன்?"

"அது மெக்கானிக்கல் போயிடுச்சு சார். மெக்கானிக்கல்லேர்ந்து நான் வந்துட்டேன்."

ஒரு தாளை மெஷினில் மாட்டிக் காட்டினார். "மொதல்ல மார்ஜின். ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் விடணும்."

தட்டச்சுச் சத்தத்துக்கு நடுவில் நான் கையைத் தூக்கினேன்.

"சார், மொத்தமா ஒரு இன்ச்சா, பக்கத்துக்கு ஒரு இன்ச்சா?"

எல்லா மெஷினும் ஒரு கணம் நின்றது.